மேல்தோட்டத்து வயர்லெஸ் பெட்டி

எனக்கு எண்பத்தொரு வயசு. பெத்தது நாலு, என் தங்கச்சி விட்டுட்டுப் போனது ரெண்டு, ஆக ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கேன். ஒண்ணுகூடச் சோடை போகலை. நான் படிச்சது ரெண்டாம் வகுப்பு வரைக்கும். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். இதை எழுத ஆரம்பிச்சு மூணு மாசம் ஆச்சு. ஒரு நாளைக்கு அரைப் பக்கம். எனக்கு அவசரம் ஒண்ணும் இல்லை.

குற்றாலத்தில் ஒரு காலத்தில் மலைமேல் வயர்லெஸ் வச்சிருந்தாங்க, அது மழையை எண்ணிக் கீழே சொல்லும், பொய் பொய்யாய்ச் சொன்னதால் எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு பழைய ஆட்கள் இன்னைக்கும் பேசுதாங்க. அந்த வயர்லெஸைப் பார்த்துக்கிட்டது நான்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழோ எட்டோ அந்த வருஷம். ஒரு சீசன் முழுக்கக்கூட இல்லை, வைகாசி கடைசியில் இருந்து ஆடி வரைக்கும். அது பொய் சொன்னதா இல்லையான்னு எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லியிருக்க வேண்டிய ரெண்டு பேரில் ஒருத்தர் செத்துப்போனார், இன்னொருத்தர் எங்கே இருக்காருன்னு தெரியலை. இனிமே எழுதி என்ன ஆகப்போகுதுன்னு கேட்டா, ஒண்ணும் ஆகாது. அது தெரிஞ்சுதான் எழுதுதேன்.

என் வீட்டுக்காரர் மெயின் அருவியில் எண்ணெய் தேய்க்கிற வேலை பார்த்தார். பதினேழு வயசில், ஆளைப் படுக்கவைக்கத் தனிப் பலகை போட்டவர். வர்ற ஆளைக் குப்புறப் படுக்கப்போட்டு, உச்சியில் இருந்து உள்ளங்கால் வரைக்கும் நல்லெண்ணெய் தேய்ச்சு, நரம்பைப் பிடிச்சுவிட்டு, அருவிக்குள்ள கூட்டிக்கிட்டுப் போய் நிறுத்துவார். கூடவே தானும் நின்னு முதுகில் எண்ணெயை வழிச்சு விடுவார். சீசனில் ஒரு நாளைக்கு முப்பது ஆள், நாற்பது ஆள். இருபத்தஞ்சு வருஷம் அப்படித் தலைமேல் தண்ணி விழுந்து விழுந்து காது ரெண்டும் போச்சு. முதல்ல இரைச்சல் வந்தது, பிறகு சீழ் வந்தது. ஆஸ்பத்திரியில் தண்ணி படாம பார்த்துக்கோங்கன்னு சொன்னாங்க. தண்ணி படாம எண்ணெய்க்காரன் எப்படிப் பிழைக்கிறது.

எண்ணெய்க்காரருக்குக் காது போறதுன்னா என்னன்னு வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. மலையில் பெருமழை பெஞ்சா, அருவிக்கு வெள்ளம் வந்து சேர முன்னாடி சத்தம் மாறும். மேல இருந்து சடசடன்னு கேக்கிறது போய், அடியில இருந்து ஒரு கனமான சத்தம் வரும். அதுக்குப் பிறகு தண்ணி செம்மண் நிறமாகும், இலையும் சுள்ளியும் வரும், அதுக்குப் பின்னாடி கல்லும் மரமும் வரும். சத்தம் மாறினதை எண்ணெய்க்காரங்கதான் முதல்ல கண்டுபிடிச்சு, ஏறு ஏறுன்னு கத்தி ஆட்களைத் தள்ளுவாங்க. சத்தத்துக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு வெத்திலை மடிக்கிற நேரம்தான் இருக்கும். என் வீட்டுக்காரருக்கு அந்த நேரம் இல்லாமப் போச்சு.

அவருகிட்டப் பேசணும்னா எதிர்ல நின்னு கத்தணும். எங்க வீட்டில் ஒரு பேச்சு பேசினா தெருவில் நாலு வீட்டுக்குக் கேக்கும். நான் அப்படிக் கத்தியே சொல்லியிருக்கேன், இந்த வேலை போதும், வேற வேலை பாருங்கன்னு.

"நாப்பத்தெட்டு வயசுல என்ன வேலைளா பாக்கச் சொல்லுத? அருவிக்கு என்னைத் தெரியும்," என்பார்.

"அருவிக்குத் தெரியும். கல்லுக்குத் தெரியுமா?"

"கல்லையும் நான்தானே பாத்துக்கிட்டு வாரேன்," என்று சொல்லிட்டு எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டுப் போயிருவார். கேக்காத ஆளோட எவ்வளவு நேரம் சண்டை போட முடியும்.

நான் அருவிக்கு மேல, மலைப்பாதையில் ஒண்ணரை மணி நேரம் ஏறினா வர்ற ஒரு தோட்டத்தில் வேலை பார்த்தேன். மங்குஸ்தானும் ஜாதிக்காயும் கிராம்பும் போட்ட தோட்டம், மேல்தோட்டம்னு சொல்லுவோம். காலையில் ஏறி சாயங்காலம் நாலு மணிக்கு இறங்கிருவேன். அங்கன ஒரு தகரக் கொட்டகை. சாரல் நேரத்தில் வெயில் இருக்காதே, அதனால் உள்ளே கரி அடுப்பு போட்டு ஜாதிபத்திரியை அனலில் காயவைப்போம். ஏறி வரும்போது நனைஞ்ச என் சேலையும் அந்த அனலில்தான் காயும். மாத்திக்கிட ஒரு சேலை எப்பவும் கொட்டகையில் கிடக்கும்.

அந்த வருஷம் தோட்டத்து முதலாளி சொல்லிவிட்டார், தென்காசியில் இருந்து ஆபீஸ்காரங்க வர்றாங்க, மழையை அளக்கிற மிஷின் வைக்கப்போறாங்க, கொட்டகையை ஒழிச்சுக் கொடுன்னு. மேல்தோட்டத்தில் நின்னா நடுவில் ஒரு குன்றுகூட மறைக்காம தென்காசி தெரியும். அதுக்காகத்தான் அந்த இடம். தலைச்சுமையாய் ஆறு பேர் கொண்டுவந்தாங்க. நீளமான இரும்புக் குழாய், மீன்முள் மாதிரி ஒரு கம்பி, ரெண்டு லாரி பேட்டரி, ரெண்டு பெட்டி, ஒரு புனல். அவங்களுக்குப் பின்னாடி ரெண்டு தடவை வழுக்கி விழுந்து, வேட்டி முழுக்கச் சேறாய் ஒருத்தர் வந்து சேர்ந்தார். அவர்தான் அதையெல்லாம் செஞ்சவர். நாற்பது வயசு இருக்கும், ஒல்லி, கண்ணாடி கழண்டு விழாம இருக்க நூல் கட்டியிருந்தார். நான் அவரை வயர்லெஸ் சார்னு கூப்பிடுவேன். அவர் என்னை அக்கான்னு கூப்பிட்டார்.

குழாயை நட்டு மூணு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினாங்க. உச்சியில் அந்த மீன்முள். அதோட மூக்கு தென்காசியைப் பார்த்து நிக்கணுமாம், கொஞ்சம் விலகினாலும் சத்தம் போய்ச் சேராதாம். மூடுபனியில் சாருக்குக் கண்ணு தெரியலை.

"அக்கா, தென்காசிக் கோபுரம் எந்தப் பக்கம் தெரியுது?"

"கோபுரம் எங்க இருக்கு சார், மொட்டையால்லா நிக்குது." அப்போ பெரிய கோபுரம் இல்லை, இடிஞ்சு போன அடிப்பாகம்தான் நின்னது.

"அந்த மொட்டையைத்தான் காட்டுங்க."

நான் கை நீட்டினேன், என் கையைப் பார்த்து அவர் குழாயைத் திருப்பினார். காதில் மாட்டியிருந்த கருவியில் தென்காசி ஆள் சரி சரின்னு சொன்னதும் முடுக்கினார். ஆக அந்தக் கம்பி தென்காசியைப் பார்த்தது என் கண்ணால்தான்.

ரெண்டு பெட்டி எதுக்குன்னு கேட்டேன். தெரியாததைக் கேக்கிறதுக்கு நான் வெக்கப்பட்டதில்லை.

"இது வயர்லெஸ், போலீஸ்காரங்க வச்சிருக்கிறது மாதிரி. நீங்க பேசினா தென்காசியில கேக்கும். இது மோடம். மழையளவுங்கிறது ஒரு எண்ணு இல்லையா. வயர்லெஸ் எண்ணைத் தூக்காது, சத்தத்தைத்தான் தூக்கும். மோடம் எண்ணைச் சத்தமாக்கிக் கொடுக்கும். அங்க இன்னொரு மோடம் இருக்கு, அது சத்தத்தை மறுபடி எண்ணாக்கிக் காகிதத்துல அடிச்சிரும்."

"நானே அளந்து பாத்து மைக்கில சொல்லிட்டுப் போறேன். அதுக்கு எதுக்கு சார் இந்தப் பாடு?"

"நீங்க நாலு மணிக்கு இறங்கிருவீங்க அக்கா. மழை இறங்காதே."

நான் புனலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

புனலை மார்பு உயரத்துக்கு ஒரு கட்டையில் பொருத்தினார். அதுக்குள்ள, ஒரு பக்கம் ஏறினா மறுபக்கம் இறங்குற ஏத்தப்பலகை மாதிரி ரெண்டு சின்னக் கரண்டி. ஒண்ணு நிறைஞ்சா டிக்குன்னு சாயும், அடுத்தது நிறையும். டிக்கை எண்ணுறதுதான் மழையை எண்ணுறது. அவர் என் செம்பை வாங்கி, தண்ணி மொண்டு, பைய பைய முழுசையும் புனலில் ஊத்தினார். மோடம் கத்தி முடிச்சதும் வயர்லெஸில் தென்காசி ஆள் பேசினான், முப்பது மில்லிமீட்டர் சார்னு.

"பாருங்க, ஒரு செம்புத் தண்ணி. அது இந்த வாய்க்குள்ள விழுந்தா, மலை முழுக்க முப்பது மில்லிமீட்டர் மழைன்னு இது எடுத்துக்கிடும். கால் மணி நேரத்துல அவ்வளவு விழுந்தா தென்காசியில இருந்து அருவி போலீசுக்கு போன் போகும், ஆட்களை ஏத்திருவாங்க. அதனால இந்தப் புனலுக்கு மேல இலை விழக்கூடாது, பறவை உக்காரக்கூடாது. கொட்டகைக்குள்ள அடுப்பு வேண்டாம், புகை ஆகாது. ஈரத்துணியும் உள்ள போடாதீங்க, மோடத்துக்கு ஈரம் ஆகாது."

சரின்னேன். போலீசு ஆட்களை ஏத்திருவாங்கன்னு அவர் சொன்னதிலேயே என் மனசு நின்னுபோச்சு. காது கேக்காத மனுஷனையும் கையைப் பிடிச்சு ஏத்திருவாங்கல்லா. அந்தப் பெட்டி அங்கன இருக்கணும், அது ஒண்ணுதான் எனக்கு வேண்டியிருந்தது.

கால் மணிக்கு ஒரு தடவை சிவப்பு விளக்கு எரியும். மோடம் கிர்ருன்னு ஆரம்பிச்சுக் கீச்கீச்சுன்னு கத்தும். தென்காசி வாங்கிக்கிட்டா அங்க இருந்து ஒரு கீச் வரும், பச்சை விளக்கு எரியும். பச்சை எரியலைன்னா கறுப்புப் பொத்தானை அமுக்கணும், மறுபடி அனுப்பும். மூணு தடவையும் பச்சை வரலைன்னா மைக்கை எடுத்து, தென்காசி, தென்காசி, மேல்தோட்டம் பேசுதேன், ஓவர் அப்படின்னு சொல்லணும். நான் அந்த ஓவரைச் சொல்லிக் காட்டினப்போ என் கடைசி மகன் சிரிச்சுச் சிரிச்சுப் புரை ஏறிட்டான். பேட்டரியை வாரம் ஒரு தடவை மாத்தி, தீர்ந்ததைக் கீழே சார்ஜுக்கு அனுப்புவேன். முனையில் பச்சையாய்ப் பூத்தா துடைச்சு வாஸ்லின் தடவுவேன். வயர் சேருற இடத்தில் ரப்பர் சுத்தி மெழுகு உருக்கி விடுவேன். ஒரு நாள் பச்சை எரியவே இல்லை. பார்த்தா குரங்கு தொங்கி மீன்முள்ளைச் செங்கோட்டைப் பக்கமாய்த் திருப்பி வச்சிருக்கு. நானே ஸ்பேனர் எடுத்து, மொட்டைக் கோபுரத்தைப் பார்த்துத் திருப்பி, முடுக்கி, பச்சையைக் கொண்டுவந்துட்டேன். சார் மத்தியானம் ஏறி வந்தார், வேலை முடிஞ்சு கிடந்தது.

"அக்கா, நீங்க பார்த்துக்கிட்டா தப்பே வராது," என்றார்.

ரெண்டாம் வகுப்புக்காரிக்கு ஒரு என்ஜினியர் சொன்ன வார்த்தை. அதை நான் தலையில் வச்சுக்கிட்டு நடந்தேன்.

ஆனி மாசம் ஒரு நாள் மேல நல்ல மழை. டிக் டிக்குன்னு நிறுத்தாம கேட்டது. சிவப்பு, பச்சை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா இவர் எனக்கு முன்னாடியே வந்து உக்கார்ந்திருக்கார்.

"இன்னைக்குத் தண்ணி வர முன்னாடியே போலீசு வந்து வெரட்டுனான்ளா. எதுக்குடா வெரட்டுதான்னு பாத்துக்கிட்டே நிக்கோம், இருபது நிமிசம் கழிச்சு வருது பாரு வெள்ளம்."

"அது நாங்க மேல இருந்து அனுப்பினது," என்று கத்தினேன்.

"நீயா?"

"பெட்டி. நான்தானே பெட்டியைப் பாக்கேன்."

"அப்ப என் காதைக் கொண்டுபோய் மலையில வச்சிருக்கேன்னு சொல்லு," என்றார். அவர் அப்படிச் சிரிச்சு நான் ரொம்ப நாளாய்ப் பார்த்ததில்லை. எனக்கு நிம்மதின்னு இருந்தது அந்த ரெண்டு வாரம்தான்.

கொட்டகையில் அடுப்பு இல்லை, ஜாதிபத்திரியை முதலாளி கீழே வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லிட்டார். என் சேலை எங்கே காயும். சாரல் விட்டு விட்டுத்தான் விழும், நடுவில் அரை மணி வெளிச்சம் வரும், காத்தும் அடிக்கும். அந்தக் காத்தில் போட்டாப் பாதி ஈரமாவது போகும். குழாயை இழுத்துக் கட்டின கம்பி ஒண்ணு வசதியாய் இருந்தது. புனலுக்கு மேல் எதுவும் வரக்கூடாதுன்னு எனக்குத் தெரியும், அதனால் ரெண்டு முழம் தள்ளித்தான் போட்டேன். பறந்து போகாம ஒரு முனையைக் கம்பியில் முடிஞ்சு வச்சுட்டு, மங்குஸ்தான் பறிக்கத் தோட்டத்தோட அந்தக் கடைசிக்குப் போயிருவேன். ஒரு மணி நேரத்துக்கு ஒருக்க வந்து விளக்கைப் பார்த்துட்டுப் போவேன். வந்ததும் நேரே கொட்டகைக்குள்ள போய் விளக்கைத்தான் பார்ப்பேன். சேலையை யார் பார்த்தா.

ஒரு ஞாயித்துக்கிழமை. மேல பூந்தூறல்தான். கீழே அருவியில் திருவிழாக் கூட்டம். பதினோரு மணிக்குப் போலீசு விசில் அடிச்சு எல்லாரையும் ஏத்திட்டாங்க. உடம்பு முழுக்க எண்ணெயோட நூறு நூத்தைம்பது ஆம்பிளைங்க ரோட்டில் நிக்காங்க. சீயக்காய் கண்ணில் போனவன் கழுவத் தண்ணி கேக்கான். ஒரு மணி நேரம் ஆச்சு, ரெண்டு மணி நேரம் ஆச்சு, வெள்ளம் வரலை. எண்ணெய் உடம்போடவே பஸ்ஸில் ஏறப்போனவங்களைக் கண்டக்டர் இறக்கிவிட்டாராம். புதன்கிழமை மறுபடியும் அப்படி. அடுத்த ஞாயிறு மூணாவது தடவை. லாட்ஜ்காரங்களும் கடைக்காரங்களும் சேர்ந்து புகார் எழுதிக் கொடுத்துட்டாங்க.

இவருகூட வேலை பார்க்கிற எண்ணெய்க்காரர் ஒருத்தர், நக்கல் பேச்சுக்காரர், எங்க வாசலுக்கே வந்து சொன்னார். "உம்ம வீட்டம்மா மலையில வாய் கொப்புளிச்சாக்கூட கீழ எங்களுக்கு வேலை போயிருது வே."

இவருக்குக் கேக்கலை. அந்த ஆள் வாய் கொப்புளிச்சு மலையைக் காட்டி, விசில் அடிச்சு நடிச்சே காட்டினார். தெருவே சிரிச்சது. இவர் சிரிக்கலை. உள்ளே வந்து, "ஏளா, அது நல்ல பெட்டிதானா?" என்று கேட்டார்.

"நல்ல பெட்டிதான்," என்று கத்தினேன்.

சார் வந்து மூணு நாள் கொட்டகையிலேயே இருந்தார். தோட்டத்தில் பழைய மழைமானி ஒண்ணு தனியாய் இருந்தது, கண்ணாடிக் குவளையில் ஊத்திப் பார்க்கிறது. அதில் ரெண்டு மில்லிமீட்டர். தென்காசிக் காகிதத்தில் முப்பத்தஞ்சு. நம்ம பெட்டியில் எண்ணைக் காட்டுற வசதி கிடையாது, அது கத்துறதோட சரி. அதனால் சத்தமாகிறபோது எண்ணு கெடுதுன்னு சார் முடிவுக்கு வந்தார். வயரை மாத்தினார். மோடத்தைப் பிரிச்சு, ஸ்டவ்வில் ஈயம் உருக்குற பத்துக்கோலைக் காயவைச்சு ஒவ்வொரு இடமாய்ப் பத்துவச்சார். காதில் கருவியை மாட்டிக்கிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார்.

"பகல்லதான் அக்கா கெடுது. நீங்க இறங்கின பிறகு விடியற வரைக்கும் ஒழுங்கா வருது. பகல்ல அப்படி என்ன இருக்கு?"

"தெரியலையே சார்," என்றேன். நிஜமாவே தெரியாதுதான் அப்போ.

மூணாம் நாள் பத்து மணி வாக்கில் அவருக்குக் கடுங்காப்பி போட்டு எடுத்துக்கிட்டு வாரேன். வெளியே வச்சுத்தான் அடுப்பு. சின்னத் தூறல், காத்து தென்மேற்கில் இருந்து வாங்கி வாங்கி அடிக்குது. டிக் டிக் டிக்குன்னு சத்தம் கேட்டது. இந்தத் தூறலுக்கு ஏன் இப்படி அடிக்குதுன்னு திரும்பினேன். என் சேலை காத்தில் எழும்பிப் போய், முந்தானை புனல் வாயில் படிஞ்சு கிடக்கு. பன்னிரண்டு முழம் சேலையும் தூறலை வாங்கி, முந்தி வழியாய் அந்த வாய்க்குள்ள ஊத்திக்கிட்டு இருக்கு. காத்து நின்னா கீழே இறங்குது, அடிச்சா மறுபடி போய்ப் படுக்குது.

காப்பியைக் கீழே வச்சேன். சேலையை அவிழ்த்தேன். நாலாய் மடிச்சு, மங்குஸ்தான் கூடையில் பழத்துக்கு அடியில் வச்சேன். அதைச் செஞ்சது என் கைதான், நான் யோசிச்சுச் செய்யலை. உள்ளே சிவப்பு எரிஞ்சு மோடம் கத்தினது. பச்சை. வயர்லெஸில் தென்காசி ஆள், "சார், மறுபடியும் இருபத்தெட்டு காட்டுது" என்றான். சார் ரெண்டு கையாலேயும் தலையைப் பிடிச்சுக்கிட்டு அந்த லாரி பேட்டரி மேல உக்கார்ந்துட்டார்.

நான் காப்பியைக் கொடுத்தேன். அவர் குடிச்சார்.

அப்பவே சொல்லியிருந்தா ஒரு வார்த்தையோட முடிஞ்சிருக்கும். அட, இவ்வளவுதானா அக்கான்னு அவர் சிரிச்சிருப்பார். ஆனா அந்த வாசலில் சிரிச்ச தெரு என் கண்ணுக்குள்ள நின்னது. வாய் கொப்புளிச்சா வேலை போகுதுன்னாங்களே, சேலை காயப்போட்டு வேலை போச்சுன்னு தெரிஞ்சா விடுவாங்களா. ஆறு பிள்ளைகளை வளர்த்தவ, யாரும் ஒரு குறை சொல்ல விடாதவ நான். அதோட எனக்கு ஒரு கணக்கு ஓடுச்சு. இனிமே சேலை அங்கன கிடக்காது, தப்பும் வராது, பெட்டி தானாவே தன்னை நிரூபிச்சுக்கிடும், பிறகு நான் எதுக்குச் சொல்லணும்னு.

மறுநாள் பெரிய ஆபீசர் ரெண்டு பேர் மூச்சு வாங்க ஏறி வந்தாங்க. ஒருத்தர் என்னைப் பார்த்து, "இந்தம்மா ஏதாவது தொட்டிருக்குமா?" என்று சாரிடம் கேட்டார்.

"அக்கா கைல தப்பு வராது சார். குரங்கு திருப்பின ஆண்டெனாவையே அவங்கதான் சரி பண்ணாங்க."

ஆபீசர் என்னையே கேட்டார். "நீ எதையும் தொட்டியாம்மா?"

"நான் எதையும் தொடலை."

வயர்லெஸ் சார் எனக்காகத் தலையை ஆட்டினார்.

அதுக்குப் பிறகு சாரல் நின்னுபோச்சு. ஆறு நாள் பட்டை வெயில். பெட்டி கால் மணிக்கு ஒரு தடவை சைபரை அனுப்பிச்சது, தென்காசி வாங்கிக்கிட்டது. சைபரை வச்சு எதை நிரூபிக்கிறது. ஒரு நாள் மழை கொடு, ஒரே ஒரு நாள்னு நான் வேண்டாத சாமி இல்லை. ஏழாம் நாள் உத்தரவு வந்துட்டது. சார் எனக்கு வாசிச்சுக் காட்டினார். மோடம் ஈரத்தில் எண்ணை மாத்துது, இந்த மலைக்கு ஒத்துவராது, கழட்டிக் கொண்டுவரவும் அப்படின்னு இருந்தது.

அவரே பிரிச்சார். ஒவ்வொரு வயரையும் சுருட்டி நூல் கட்டினார். குழாயைப் பிடுங்க ஆள் இல்லாததால் அதை மட்டும் விட்டுட்டாங்க. சுமைக்காரங்க முன்னே இறங்கிட்டாங்க.

"பெட்டியில தப்பு இல்லைன்னுதான் என் மனசு சொல்லுது அக்கா. ஆனா எங்க தப்புன்னு கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியலையே. அது தெரிஞ்சாக்கூடப் போதும்."

"சார்," என்றேன்.

"சொல்லுங்க அக்கா."

"பாத்து இறங்குங்க. பாசி வழுக்கும்."

அவர் சரின்னு இறங்கிட்டார்.

ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் மலையில் இடிச்சுக் கொட்டினது. பத்தடி தள்ளி இருக்கிற மரம் தெரியலை. பழைய மழைமானி நிறைஞ்சு வழியுது. நான் கொட்டகைக்குள்ள ஓடினேன், கறுப்புப் பொத்தான் இருந்த இடத்துக்குக் கை போயிட்டது. வெறும் பலகை. அப்புறம்தான் கீழே ஓட ஆரம்பிச்சேன். தண்ணி என்னைவிட வேகமாய் இறங்கும்னு தெரியும். தெரிஞ்சும் ஓடினேன். வழியில் ஒரு ஓடை தாண்ட முடியலை, சுத்திப் போனேன்.

போய்ச் சேர்ந்தப்போ எல்லாம் முடிஞ்சிருந்தது. சத்தம் மாறினதும் எண்ணெய்க்காரங்க கத்தியிருக்காங்க, எல்லாரும் ஏறிட்டாங்க. இவர் அருவிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, குனிஞ்சு ஒரு ஆளோட காலை வழிச்சுக்கிட்டு இருந்திருக்கார். அந்த ஆள் எழுந்து ஓடினதும் நிமிர்ந்திருக்கார். அப்போ ஒரு மரத்தண்டு வந்து தொடையில் அடிச்சிருக்கு. திரும்பி ஓடிப்போய்த் தலைமுடியைப் பிடிச்சு இழுத்துப்போட்டது யார்னா, எங்க வாசலில் வாய் கொப்புளிச்சுக் காட்டினாரே, அவர்தான். என்னைப் பார்த்ததும், "கூப்பிட்டோம் மதினி, தொண்டை கிழியக் கூப்பிட்டோம்" என்று அழுதார்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ரெண்டு மாசம். காலை எடுக்கலை, ஆனா அதுக்கப்புறம் அந்தக் கால் தரையில் ஊனலை. பதினாலு வருஷம் கட்டிலில் இருந்தார். நான் தோட்ட வேலையும் பார்த்து, அவரையும் பார்த்து, பிள்ளைகளையும் கரையேத்தினேன். ஒருத்தர்கிட்டயும் கை நீட்டலை. அதையும் எழுதி வைக்கேன்.

ஒரு தடவை அவர்கிட்டச் சொன்னேன். மத்தியானம், பிள்ளைகள் யாரும் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உக்கார்ந்து, புனலில் இருந்து கூடை வரைக்கும் எல்லாத்தையும் மெதுவாச் சொன்னேன். கத்திச் சொல்லியிருந்தா அவருக்குக் கேட்டிருக்கும். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அதனால் கத்தலை. அவர் என் முகத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தார், கால் போனதுக்குத்தான் நான் இன்னும் அழுதுக்கிட்டு இருக்கேன்னு நினைச்சுக்கிட்டார் போல. "விடுளா, போன காலு போயிட்டு" என்று சொல்லி என் கையைத் தட்டிக்கொடுத்தார். அதுக்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கலை.

அவர் போன பிறகு, பெரிய மகளைக் கூட்டிக்கிட்டு ஒரு நாள் தென்காசிக்குப் போய் அந்த ஆபீசை விசாரிச்சேன். ஆபீசு அங்கன இல்லை. பக்கத்தில் ஒரு வயசான பியூனுக்கு மட்டும் சாரை ஞாபகம் இருந்தது. அந்த மோடம் விஷயத்துக்குப் பிறகு அவரை மழையே பெய்யாத ஊருக்கு மாத்திட்டாங்க, பிறகு வேலையை விட்டுட்டார்னு சொன்னார். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம்னு மட்டும் தெரியும். அவர் பேரைக்கூட நான் கேட்டு வச்சுக்கலை. கோபுரத்தை மட்டும் கட்டி முடிச்சிருந்தாங்க. கொஞ்ச நேரம் பார்த்துட்டு பஸ் ஏறினேன்.

மோடத்தில் தப்பு இல்லை. அது புனலில் விழுந்ததை அப்படியே சொன்னது. இவ்வளவுதான் எழுத வேண்டியிருந்தது, அதுக்கு ஒரு நோட்டு ஆகிப்போச்சு.

இனி வாசிக்கப் பேத்தியைத்தான் கூப்பிடணும். ஏட்டி, அந்தப் போனை வச்சுட்டு இங்கன வா. என் கண்ணு இதுக்கு மேல ஓடலை. முதல் பக்கத்தில் இருந்து வாசி, பைய வாசி. சேலைன்னு வர்ற இடத்தை முழுங்கிராதே. சத்தமா வாசி. பக்கத்து வீட்டுக்குக் கேட்டா கேக்கட்டும்.